பிளசர்க்காரி

மல்லாங்கிணற்றில் சண்முகத்தாய் என்று கேட்டால் மூன்று நான்கு பேரைக் காட்டுவார்கள். பிளசர்க்காரி என்று கேட்டால் ஒருத்தியைத்தான் காட்டுவார்கள். கார் கைவிட்டுப் போன பிறகும் அந்தப் பேர் மட்டும் போகவில்லை. சிலர் மரியாதையோடு சொன்னார்கள். சிலர் வாய்க்குள் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். அவள் இரண்டு தரப்புக்கும் ஒரே மாதிரிதான் திரும்பிப் பார்ப்பாள்.

காரை வாங்கியது அவள் புருஷன் பெத்தணன். கரிசல் காட்டில் பருத்தியும் கம்பும் போட்டுக்கொண்டிருந்த சம்சாரி அவன். அடுத்தடுத்து இரண்டு வெள்ளாமை மழையில்லாமல் கருகிய பிறகு அவனுக்கு நிலத்தின் மேலேயே ஒரு வெறுப்பு வந்துவிட்டது. விருதுநகரில் ஒரு பருத்தி வியாபாரி தன் பழைய ஆஸ்டின் காரைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டான். கண்மாய்க்கரைப் புஞ்சையை விற்று, அதை வாங்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்திவிட்டான்.

"வானத்தைப் பாத்துக்கிட்டு எம்புட்டு நாளைக்கு உக்காந்திருக்கச் சொல்லுதே? இது மழைக்குக் காத்துக் கெடக்காது பாரு" என்றான்.

புஞ்சை அவள் பிறந்த வீட்டுச் சீதனத்தில் பாதி. அவள் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. ஆனால் அந்த முகூர்த்த மாதத்தில், பிளசர் என்று ஊர் சொன்ன அந்தக் கார் ஒரு நாளும் வீட்டில் நிற்கவில்லை. மாப்பிள்ளை அழைப்புக்குப் போயிற்று, மறுவீட்டுக்குப் போயிற்று, வலி கண்ட பொம்பளைகளைத் தூக்கிக்கொண்டு விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. அவளுக்கும் கோபம் தணிந்தது. மகள் சோலையம்மாளை விருதுநகரில் ஹாஸ்டலில் விட்டு ஹைஸ்கூலில் சேர்க்க முடிந்தது அந்தக் காரால்தான்.

பெத்தணன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தான். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த கையோடு அவன் அண்ணன் கருப்பணன் வந்து உட்கார்ந்தார்.

"காரைக் குடுத்துரு தாயி. ஓட்டத் தெரியுமா உனக்கு? நடுவழியில நின்னுட்டா எறங்கித் தள்ளவா முடியும்?"

"ஏர் பிடிக்கத் தெரியாத பொம்பளைக பேர்ல நெலம் இல்லையா மச்சான்? ஆளை வச்சு ஓட்டிக்கிடுதேன்."

ஆள் என்றால் சங்கிலிமுத்து. பெத்தணனுக்கு ஒத்தாசையாக வண்டி கழுவ வந்தவன். அவனிடமே ஓட்டப் பழகி லைசென்சும் எடுத்திருந்தான். தாய் தகப்பன் இல்லாதவன். சண்முகத்தாய் வீட்டில்தான் சாப்பாடு. அவளை அக்கா என்பான். வாடகைப் பணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் எடுத்துக் கொடுக்கிறதை எண்ணாமல் மடியில் வைத்துக்கொள்வான். அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து போவதைப் பார்த்து ஊர் முதலில் முகம் சுளித்தது. பிறகு அவசரத்துக்கு அவள் வாசலில்தான் வந்து நின்றது.

அறுபத்தொன்றாம் வருஷம் ஆடி கடைசி வெள்ளி. இருக்கன்குடிக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். மாரியம்மனுக்கு முடியிறக்க வேண்டிய குழந்தை ஒன்று, அதன் சொந்தபந்தம் எல்லாமாகக் காருக்குள் அடைந்துகொண்டார்கள். சண்முகத்தாயும் கூடப் போனாள். கோயிலுக்குப் போகிற பாதையில் ஜனம் நெரிந்ததால் காரை ரோட்டை விட்டு நன்றாகத் தள்ளி, ஓர் உடைமரத்து நிழலில் நிறுத்தினான் சங்கிலி.

"நீங்க போய்ட்டு வாங்கக்கா. நா வண்டியைப் பாத்துக்கிடுதேன்" என்று துண்டை விரித்தான்.

அவள் சாமி கும்பிட்டுத் திரும்பும்போது உடைமரத்தைச் சுற்றிக் கூட்டம் நின்றது. யாரோ அடிபட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனால் பிளசர் பள்ளத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. இரண்டு கதவுகளும் உள்ளே மடங்கி, முன்சக்கரம் கால் ஒடிந்த ஆடு மாதிரி வெளியே திரும்பியிருந்தது. கண்ணாடித் தூள் மணலெல்லாம் சிதறிக் கிடந்தது. சங்கிலி தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"ஏழாயிரம்பண்ணை லாரிக்கா! வெள்ளைத்துரை மொதலாளி வெடிக் கம்பெனி லாரி. அவரு மச்சினன்தான் ஓட்டுனான். குடிச்சிருக்கான். எதுத்தாப்புல வந்த வண்டிக்கு ஒதுங்குதேன்னு இங்கன வந்து ஏத்திட்டான். நா கத்துதேன், ஒரு நிமிசம் நிறுத்துனான், திரும்பிப் பாத்தான், போயே போய்ட்டான்!"

"லாரியில வேற யாரு இருந்தா?"

"லாரி நெறையக் கம்பெனி ஆளுகதான். கோயிலுக்குக் கூட்டியாந்திருக்காக. அம்புட்டுப் பேரும் பாத்தாக."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். ஒரு பெரியவர் வெள்ளைத்துரையின் மச்சினனைப் பேர் சொல்லியே திட்டினார். இத்தனை பேர் கண்ணுக்கு முன்னால் நடந்த காரியத்தை யாரால் மறைக்க முடியும் என்று சண்முகத்தாய் நினைத்தாள். அன்றைக்கு அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையா முதலில் கேட்டது லாரி நம்பரைத்தான். அதைச் சங்கிலி பார்த்திருக்கவில்லை.

"நம்பர் இல்லாம லாரியை எங்கன போய்த் தேட?"

"கம்பெனி பேரு சொல்லுதோம், ஓட்டுனவன் பேரு சொல்லுதோம். அதுக்கு மேல என்னய்யா வேணும்?" என்றாள் சண்முகத்தாய்.

ஏட்டையா எழுதிக்கொண்டார். எழுதியது எழுதினபடியே கிடந்தது.

விருதுநகரில் செய்யது அபுதாஹிர் பட்டறைக்குக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். பெத்தணன் காலத்திலிருந்தே பழக்கமான மனிதர். காரைச் சுற்றி வந்து, கீழே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அடிச்சட்டமே வளைஞ்சு போச்சு தங்கச்சி. நிமித்தலாம். ஆனா பாதிக் கார் வெலை ஆகிப்போகும். அவசரப்படாதீக. இடிச்சவன் குடுக்கட்டும், அப்புறம் வேலையத் தொடங்குதேன். அதுவரைக்கும் ஓரமா நிக்கட்டும், வாடகை ஒண்ணும் வேணாம்."

கருப்பணனைத் துணைக்கு அழைத்தாள். பெரிய இடத்து விவகாரம் என்று அவர் நழுவிக்கொண்டார். தனியாகவே பஸ் ஏறி ஏழாயிரம்பண்ணைக்குப் போனாள். காய்ந்த காட்டுக்கு நடுவில் முள்வேலி போட்டு, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய கொட்டகைகள். தீபாவளி சீசன். கொட்டகை வாசல்களில் வெள்ளிப்பொடி ஒட்டிய முகங்களோடு பொம்பளைகளும் பிள்ளைகளும் குனிந்த தலை நிமிராமல் திரி சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைத்துரை சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. எழுந்து நின்று கும்பிட்டார்.

"உக்காருங்க தாயி. இந்த வெயில்ல வந்திருக்கீகளே. கலர் வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?"

"கலர் வேண்டாம் மொதலாளி. உங்க லாரி என் காரை இடிச்சிருச்சு. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"எங்க லாரியா? கணக்கப்பிள்ளை, ஆடி வெள்ளி அன்னிக்கு லாரி எங்கன நின்னுச்சு?"

"ஷெட்லதான் நின்னுச்சு மொதலாளி" என்றார் மூலையில் இருந்த கணக்கப்பிள்ளை. தலையைக்கூடத் தூக்கவில்லை.

"கேட்டீகளா தாயி? இருந்தாலும் நீங்க ஒத்தப் பொம்பளை. சாமி கும்பிட வந்த எடத்துல நட்டப்பட்டுப் போனீக. ரிப்பேர்ச் செலவுல பாதிய நா உதவியாத் தந்துருதேன். புண்ணியமாப் போகட்டும். இதுல எனக்கும் உங்களுக்கும் ஒரு வழக்கும் இல்லைன்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க."

சண்முகத்தாய் அவர் முகத்தைப் பார்த்தாள். நல்ல முகம். அதுதான் அவளுக்கு எரிச்சலை மூட்டியது.

"உதவி கேட்டு வரலை மொதலாளி. இடிச்சதுக்கு ஈடு கேட்டு வந்திருக்கேன். இடிச்சது நாங்கதான்னு சொல்லிட்டுக் கால்வாசி குடுங்க, கும்பிட்டு வாங்கிக்கிடுதேன். இடிக்கலைன்னு சொல்லிட்டு முளுசும் குடுத்தாலும் எனக்கு வேண்டாம்."

"அப்போ உங்க இஷ்டம்" என்றார் அவர், அதே மெல்லிய குரலில்.

வக்கீலைத் தேடிப் போனாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மோட்டார் விபத்துக்குன்னு இப்ப தனியா ட்ரிப்யூனல் வச்சிருக்காங்கம்மா. ஆனா அது ஆள் செத்தா, கை கால் போனாத்தான். சாமானுக்கு இல்லை. சாமான் நட்டத்துக்கு முன்சீப் கோர்ட்லதான் வழக்குப் போடணும். வருஷம் இழுக்கும்."

"அப்போ காருக்குள்ள யாராச்சும் இருந்து செத்திருந்தா வெரசாக் கெடைச்சிருக்குமாக்கும்?"

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சட்டம் அப்படித்தான் இருக்கு" என்றார். பிறகு, "உங்க டிரைவர் கண்ணால பார்த்திருக்கான். அது போதும். இன்னொரு சாட்சியும் கிடைச்சா கேஸ் கெட்டி" என்றார்.

இன்னொரு சாட்சி பேச்சியம்மாள். மல்லாங்கிணற்றில் பிறந்து ஏழாயிரம்பண்ணையில் வாக்கப்பட்டவள். அன்றைக்கு அந்த லாரியில் இருந்தவள். சண்முகத்தாய் அவள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் போனபோது அவள் அடுப்படியில் இருந்தாள். வந்தவளைப் பார்த்ததுமே முகம் வெளிறிவிட்டது.

"நா பாத்தேன்க்கா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். லாரி குலுங்குனதுல என் மக உதடு கிழிஞ்சு ரத்தம் கொட்டுச்சு. ஆனா கோர்ட்டுக்குக் கூப்பிடாதீக. எங்க வீட்டுல நாலு பேரும் அங்கனதான் வேலை பாக்கோம். அட்வான்ஸ் வாங்கித் தின்னு தீத்தாச்சு. நாளைக்கே திருப்பிக் கட்டுன்னா நா எங்கன போவேன்?"

மூத்த பெண் சுவரோரமாக நின்றாள். கருகிப்போன விரல் நகங்களைக் கவுனுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். சண்முகத்தாய் கோர்ட்டுப் பேச்சை விட்டுவிட்டாள். பேச்சி கொடுத்த கடுங்காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள். பேச்சியின் மேல் அவளுக்கு அன்றைக்கும் கோபம் இல்லை, பிறகும் இல்லை.

சங்கிலி இருக்கிறானே என்று இருந்தாள். வண்டி ஓடாததால் அவனுக்குக் கூலி இல்லை. ஆனாலும் தன் வீட்டில் காய்ச்சுகிற கஞ்சியில் அவனுக்கும் ஊற்றினாள். பருத்திக் காட்டில் களையெடுக்கக்கூட அவன் வந்தான். அடுத்த சித்திரையில், கோவில்பட்டிப் பக்கம் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, மாதம் ஒருமுறை வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். வரவில்லை. விருதுநகர் பஜாருக்குப் போனவர்கள்தான் அவனை எந்த வண்டியில் பார்த்தோம் என்று வந்து சொன்னார்கள். சண்முகத்தாய் நம்பவில்லை. சொன்னவர்களைத் திட்டினாள். பிறகு ஒரு நாள் சாத்தூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது, வெள்ளைத்துரையின் லாரி அவள் மேல் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயிற்று. புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் சங்கிலிமுத்து. அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்துதான் அழுதாள்.

வழக்கு நம்பராகி, வாய்தா வாய்தாவாக இழுத்து, விசாரணைக்கு வந்தது. எதிர்க்கட்சி வக்கீல் அவளைக் கூண்டில் நிறுத்திக் கேட்டார்.

"இந்தக் காருக்கு டாக்சி பெர்மிட் இருந்ததா?"

"இல்லைங்க."

"ஆனா வாடகைக்கு ஓட்டினீங்க?"

அவளுடைய வக்கீல் கண்ணைக் காட்டினார். அவளுக்குப் புரிந்தது. ஆனால் சத்தியம் செய்துவிட்டு நிற்கிறாள்.

"ஓட்டினேங்க. ஊரே அதுலதானே போச்சு."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. அவளுடைய வக்கீல் தலை குனிந்துகொண்டார். வருமான நட்டம் என்று கேட்டிருந்தது அந்த இடத்திலேயே அடிபட்டுப் போயிற்று.

பிறகு எதிர்க்கட்சி சாட்சியாகச் சங்கிலிமுத்துவைக் கூப்பிட்டார்கள். புதுக் காக்கிச் சட்டை, படிய வாரிய தலை. குடும்பம் நடத்துகிற மனிதனுடைய களை வந்திருந்தது அவனுக்கு. அவன் கல்யாணம் முடித்ததே அவளுக்குத் தெரியாது.

"நா தூங்கிக்கிட்டு இருந்தேன் ஐயா. சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன். இடிச்சது லாரியா பஸ்ஸான்னு பாக்கலை."

"ஸ்டேஷனில் லாரி என்று சொல்லியிருக்கிறாயே?" என்று அவளுடைய வக்கீல் குரலை உயர்த்தினார்.

சங்கிலி ஜட்ஜைப் பார்த்துச் சொன்னான். "அக்கா சொல்லச் சொன்னாக. சொன்னேன்."

சண்முகத்தாய் எழுந்தே விட்டாள். "லே சங்கிலி, என் முகத்தைப் பாத்துச் சொல்லுலே!" என்றாள். டவாலிக்காரன் அதட்டி உட்கார வைத்தான். சங்கிலி கடைசிவரை திரும்பவில்லை.

வழக்கு தள்ளுபடி. பிரதிவாதிக்கு ஏற்பட்ட கோர்ட்டுச் செலவையும் வாதியே கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. அது என்ன என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. வக்கீல் இரண்டாம் தடவை விளக்கிச் சொன்னார். அவள் கேட்டாள்:

"என் காரை இடிச்சதுக்கு நா அவுகளுக்குப் பணம் கெட்டணுமா?"

"அப்பீல் போகலாம்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்பீலுக்கு அவளிடம் ஒன்றும் இல்லை. பட்டறையில் துருப்பிடித்து நின்ற காரைத்தான் விற்றாள். அபுதாஹிர் ஒரு பழைய இரும்பு வியாபாரியை அழைத்து வந்து, தன்னால் முடிந்த மட்டும் விலையை ஏற்றிப் பேசிக் கொடுத்தார். சீட்டில் பெத்தணன் போட்ட மெத்தை எலி கடித்து நார் நாராகக் கிடந்தது. அந்தப் பணம் கோர்ட்டு வழியாக வெள்ளைத்துரை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அதையும் அவர் கோயிலுக்கே கொடுத்துவிட்டார் என்று ஊரில் பெருமையாகச் சொன்னார்கள்.

சோலையம்மாள் ஹாஸ்டலிலிருந்து பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. எழுத ஒரு வருஷம்தான் பாக்கி இருந்தது. அம்மாவை அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. காட்டு வேலைக்குக் கூட வந்தாள், பருத்தி எடுத்தாள், தண்ணீர் சுமந்தாள். கல்யாணம் பேசி முடித்த அன்றைக்கு, மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு, தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"அந்த மொதலாளி பாதி தாரேன்னாரே, அன்னிக்கே வாங்கியிருந்தா நா பரீச்சை எளுதியிருப்பேன். டீச்சர் வேலைக்குப் போயிருப்பேன்."

"அவுக இடிக்கலைன்னு நா எப்படிக் கையெளுத்துப் போட?"

"போட்டிருந்தா என்னம்மா? அவுக இடிச்சது உனக்குத் தெரியும்ல? அது போதாதா?"

போதாது என்றுதான் சண்முகத்தாய்க்குத் தோன்றியது. ஏன் போதாது என்று மகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மகள் வாக்கப்பட்டுப் போன வீட்டில் அவளுக்குச் சுகம்தான். ஆனால் ஊருக்கு வந்தால் ஒரு நாளைக்கு மேல் தங்குவதில்லை.

அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ, ஒரு பங்குனி மாதம். சண்முகத்தாய் களத்தில் மல்லி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் பழமும் வெற்றிலையும் ஒரு சேலையும் ஏந்திக்கொண்டு சங்கிலிமுத்து வந்து நின்றான். பின்னால் மெலிந்த ஒரு பெண், அவன் பெண்டாட்டி. சங்கிலிக்கு முன்நெற்றி ஏறியிருந்தது. களத்து மண்ணிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"எந்திலே. என்ன வேணும்?"

"மூணு கரு தங்கலைக்கா. குறி கேட்டோம். ஒரு பொம்பளை வயிறெரிஞ்சு சாபம் விட்டிருக்கா, அவ வாயால எடுத்தாத்தான் விடியும்னு வந்துச்சு. நீங்கதாங்க்கா. எடுத்துருங்க."

அந்தப் பெண் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

சண்முகத்தாய் மல்லியைக் காலால் கிளறிவிட்டாள். "நா சாபம் விடலைலே. விட்டாப் பலிக்கும்னு தெரிஞ்சிருந்தா நா எதுக்குக் கோர்ட்டுக்கு நடக்கேன்?"

"பொய்தாங்க்கா சொன்னேன். லாரியப் பாத்தேன். ஓட்டுனவனையும் பாத்தேன். அன்னிக்கு எனக்கு வேற வழியில்லை."

"எனக்கு எதுக்குலே சொல்லுதே? எனக்குத்தான் தெரியுமே. சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லு. இப்பவே போவோம், அந்த வக்கீல் இன்னும் இருக்காரு. வாரியா?"

சங்கிலி தரையைப் பார்த்தான். அவன் இன்னும் அந்தக் கம்பெனியில்தான் இருந்தான். இப்போது அவனுக்குக் கீழே இரண்டு டிரைவர்கள்.

"அன்னிக்கும் இப்படித்தான் நின்ன" என்றாள் அவள்.

அந்தப் பெண்ணைப் பார்த்தாள். நடந்த எதற்கும் அவள் பொறுப்பில்லை. பானையிலிருந்து தண்ணீர் மோந்து அவள் கையில் கொடுத்தாள். "நல்லா இரு தாயி. உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லை. வெயில் ஏறுமுன்ன கெளம்பு" என்றாள். தட்டை எடுத்துச் சங்கிலியின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

அடுத்த வருஷம் அவர்களுக்கு ஆண்குழந்தை பிறந்தது. சங்கிலிமுத்து மல்லாங்கிணற்றுக் கடைத்தெருவில் வந்து எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தானாம். பிளசர்க்காரி மன்னித்துவிட்டாள், அதனால்தான் குலம் தழைத்தது, எவ்வளவு பெரிய மனசு என்று ஊரெல்லாம் பேச்சு. கருப்பணன்கூட வந்து மெச்சினார்.

"நா மன்னிக்கலை மச்சான்" என்றாள் சண்முகத்தாய்.

அவர் சிரித்தார். அவள் தன்னடக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டபடி எழுந்து போனார்.